நாக்கு சொன்ன சாட்சி

அத்தியாயம் 4

திருட்டு நடந்த வீட்டுக்குள் நுழைந்ததும் கிளட்ச் முதலில் தேடுவது கைரேகையை அல்ல, உட்கார ஒரு நல்ல நாற்காலியை. இந்த வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கல் உட்கார்ந்திருந்தது.

"நமக்கு முன்னாடியே கூட்டம் வந்துடுச்சு அத்தை," என்றான்.

"நிக்கத் தெரியும்ல? நில்லுங்க மாப்பிள்ளை," என்றாள் அத்தை.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைத் தோண்டித் தோண்டியே தலை நரைத்தவள் அத்தை. ரிட்டயர் ஆன மறுநாளே வீட்டு வாசலில் துப்பறியும் ஏஜென்சி என்று போர்டு மாட்டிவிட்டாள். கிளட்ச் அவளுடைய மகளைக் கட்டியவன். டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்து, வாய் நீண்டதால் வேலை போய், 'கிளட்ச்சை மிதிய்யா' என்று தெருவே அலறக் கத்தியதில் வந்த பட்டப் பெயரோடு மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டவன். வீட்டோடு மாப்பிள்ளை. சும்மா இருக்கிறவன் காரையாவது ஓட்டட்டும் என்று அத்தை அவனைக் கூட்டிப் போக ஆரம்பித்தாள். காரை ஓட்டியவன் போகிற இடத்தில் எல்லாம் வாயையும் ஓட்டி, அப்படியே அசிஸ்டென்ட் ஆகிவிட்டான். அத்தை அவனை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அந்த மரியாதையில்தான் அவனுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அவர்களைக் கூப்பிட்டிருந்தது ஜட்ஜம்மா. அவளுடைய கணவர் ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களுக்கு வருகிற சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எதுவும் அவருக்கு வரவில்லை. ஃபாசில் வந்தது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் செத்து, சேற்றில் புதைந்து, கல்லாகிப் போன ஜீவராசிகளைத் தேடிப் பிடித்து வீட்டில் அடுக்கும் வியாதி. கல்யாண போட்டோ மாட்ட வேண்டிய ஆணியில் எலும்பு மட்டும் பதிந்த ஒரு கல் மீன் தொங்கியது. மாடிப்படியில் ஆளுக்கொரு படியாகக் கல் நத்தைகள் ஏறிக்கொண்டிருந்தன. டெலிபோன் பக்கத்தில் ஒரு பெரிய பல் கிடந்தது. அது யாருடைய பல் என்று கேட்கக் கிளட்சுக்குத் தைரியம் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில், வாசலுக்குப் போகும் வழியில், இரண்டு பெட்டிகள் இருந்தன. புதிதாகக் கட்டிய பெட்டிகள். ஒன்றின் மேல் ஒரு பெண்ணின் கைப்பை.

"என் பொண்ணோடது," என்றாள் ஜட்ஜம்மா. குரல் கம்மியிருந்தது. "சாயங்காலத்துக்குள்ள கிளம்பறா. மாப்பிள்ளை பல் டாக்டர், இந்த வீட்லயேதான் இருக்கார். அவரை இவர் திருடன்னு சொல்லிட்டார். 'அவரை அனுப்பினா நானும் போறேன், திரும்பி இந்த வாசப்படி ஏற மாட்டேன்'னுட்டா. எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு மேடம்."

"என்ன காணாம போச்சு?"

"தங்கச்சுருள். அப்படித்தான் சொல்லுவார். தங்க நிறத்துல ஒரு கல் நத்தை, உள்ளங்கை அளவு. இந்த வீட்டுக்கே அதுதான் ராஜா. இன்னைக்கு சாயங்காலம் இவரை மாதிரியே கல் பைத்தியம் பிடிச்சவங்க அஞ்சாறு பேர் அதைப் பார்க்கத்தான் வர்றாங்க. நேத்து அலமாரித் திரையை விலக்கிட்டு 'திருடு போச்சு'ன்னு ஒரே சத்தம்."

"திரையா?"

"மழை பிடிச்சதிலிருந்து திரை போட்டு மூடித்தான் வச்சிருந்தார். வெளிச்சம் பட்டா நிறம் போயிடுமாம். யாரையும் கிட்டவே விடல."

அத்தை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள். அவள் தலையை ஆட்டினால் எங்கேயோ ஒரு பொய் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். எந்தப் பொய் என்று மட்டும் கிளட்சிடம் சொல்ல மாட்டாள்.

ஜட்ஜ் கூடத்தின் கடைசியில், உயரமான முதுகு வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நாற்காலியில்தான் கல் இல்லை. பக்கத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரியை ஒட்டினாற்போல் பெரிய மீன் தொட்டி, குமிழி விட்டுக்கொண்டு. தொட்டி விளக்கு அலமாரிக்குள் நீலமாக விழுந்து, செத்துப்போன அத்தனை ஜீவன்களையும் மறுபடி கடலுக்குள் போட்ட மாதிரி காட்டியது.

"வழக்கை நீட்டாதீங்க," என்றார் எடுத்த எடுப்பில். "பூட்டு உடையல. கண்ணாடியில கீறல் இல்ல. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் சட்டைப்பையில. இன்னொண்ணு பல் டாக்டரோட டிராயர்ல. நான் எடுக்கல. அப்ப மிச்சம் யாரு?"

"சர்வீஸ்ல இருந்தப்பவும் இவ்வளவு சீக்கிரமாத்தான் முடிப்பீங்களா சார்?" என்றான் கிளட்ச்.

ஜட்ஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இது யாரு?"

"என் மாப்பிள்ளை," என்றாள் அத்தை. "எங்க கூடத்தான் இருக்கார்."

"ஓ," என்றார் ஜட்ஜ்.

அந்த ஒற்றை எழுத்துக்குள் உலகத்தில் உள்ள வீட்டோடு மாப்பிள்ளைகள் அத்தனை பேரையும் நிறுத்தி வைத்துத் தண்டனை கொடுத்துவிட்டார் மனுஷன். பல் டாக்டர் குற்றமற்றவர் என்று கிளட்ச் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டான். அதற்கு மேல் ஆதாரம் எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

அத்தை அலமாரியைத் திறக்கச் சொன்னாள். ஜட்ஜ் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, எழுந்து வந்து, தானே திறந்தார். உள்ளே கருநீல வெல்வெட் துணி. அதன் மேல் கற்கள். நடுவில் ஒரு காலி இடம். அத்தை காலி இடத்தைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றியிருந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

"என்ன தேடறீங்க?" என்றார் ஜட்ஜ்.

"துணி வெளுத்திருக்கு சார். ஆனா ஒவ்வொரு கல்லுக்குக் கீழயும் பழைய நிறம் அப்படியே வட்டமா இருக்கு. நாள் கணக்கா விளக்கு பட்டதுல சுத்தி மட்டும் வெளுத்துப் போச்சு."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. நல்லாருக்கு," என்றாள் அத்தை. மூக்கை அலமாரிக்குள் நீட்டி ஒரு மூச்சு இழுத்துவிட்டு வெளியே வந்தாள். "மாப்பிள்ளை, வாங்க. டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்."

பல் டாக்டரின் கிளினிக் அந்த வீட்டுக்குள்ளேயே, பக்கவாட்டு அறையில். வாசல் தனி, கூரை மாமனாருடையது. டாக்டர் மெலிந்த மனிதர். குறடுகளையும் ஊசிகளையும் அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கல் இல்லாத நாற்காலி ஒன்றைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கிளட்ச் நோயாளி நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டான். டாக்டர் பழக்க தோஷத்தில் விளக்கைப் போட்டுவிட்டார்.

"இடது பக்கம் ஒரு சொத்தை இருக்கு," என்றார்.

"அது வாய் ஓயாம வேலை செய்யறதால டாக்டர்," என்றாள் அத்தை. "தங்கச்சுருளை நீங்கதான் கொண்டுவந்தீங்களாமே?"

டாக்டர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். "மண்ணு வெட்டின ஓடைக்கரை ஒண்ணுல கிடைச்சுது. வெளியில பார்த்தா அழுக்கு உருண்டை. பேஷன்ட் இல்லாத நேரமெல்லாம் பல் துளைக்கிற மெஷினை வச்சுப் பொடிப் பொடியா மேல்கல்லை எடுத்தேன். எடுக்க எடுக்க உள்ள தங்கமாட்டம் ஒரு சுருள். மாசக்கணக்காச்சு. கடைசி வளையம் வெளிய வந்தப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு மேடம். மாமா பிறந்த நாளுக்கு அவர்கிட்டயே கொடுத்தேன். நான் கொடுத்ததை நானே எதுக்குத் திருடணும்?"

"இதை அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றான் கிளட்ச்.

"கேட்டேன். 'கொடுத்தப்புறம் மனசு மாறியிருக்கும்'னார்."

"நீங்க திருப்பி என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவர் வீடு."

கிளட்ச் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அந்த இரண்டு வார்த்தையை அவனும் எத்தனையோ தடவை விழுங்கியிருக்கிறான். பேச்சை மாற்ற, மேஜையில் கிடந்த பழுப்பு நிறத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தான். "இது கல்லா, எலும்பா?"

"நக்கிப் பாருங்க," என்றார் டாக்டர்.

"மரியாதையா கேட்டா இப்படியா பதில் சொல்றது?"

"நிஜமாத்தான். கல் பொறுக்கறவங்க எல்லாரும் செய்யறதுதான். சந்தேகமா இருந்தா நாக்குல வச்சுப் பார்ப்போம். எலும்பா இருந்தா பொடிப்பொடி ஓட்டை இருக்கும், நாக்கைப் பிடிச்சுக்கும். வெறும் கல்லுன்னா வழுக்கிடும். எங்க ஆளுங்க நாலு பேர் ஒரு மலைக்குப் போனா, தூரத்திலிருந்து பார்க்கிறவங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாங்க."

கிளட்ச் துண்டை நாக்கில் வைத்தான். ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தும் விழவில்லை. அப்படியே நாக்கை நீட்டிக்கொண்டு அத்தையிடம் காட்டினான்.

"இதுக்கு முன்னாடியே இது தெரிஞ்சிருந்தா வீட்டுல ஒண்ணு வாங்கி வச்சிருப்பேன்," என்றாள் அத்தை.

புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டாமல் இருக்கக் கிளட்சுக்குத் தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் வேலை போனதும் அதனால்தான். கூடத்துக்குத் திரும்பியதும், அத்தை ஜட்ஜிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்க, அவன் திறந்திருந்த அலமாரியில் காலி இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சுருள் ஒன்றை எடுத்து, பெரிய நிபுணர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நக்கினான்.

அடுத்த விநாடி சமையலறையில் இருந்தான். குழாயைத் திறந்து வாயைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான்.

"என் கலெக்ஷன்ல எச்சில் பண்றானே," என்று கூடத்தில் ஜட்ஜ் கத்தினார். "இவனை முதல்ல வெளிய அனுப்புங்க."

அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது கிளட்சை இன்னும் பயமுறுத்தியது.

"என்ன ருசி மாப்பிள்ளை?"

"புளிப்பு. பச்சைப் புளிப்பு. நாக்கு எரியுது அத்தை. கல்லு புளிக்குமா?"

"துணி விஷயம் பார்த்தீங்களா?"

"நாக்கே போச்சு, துணியைப் பத்திக் கேக்கறீங்களே."

"எல்லாக் கல்லுக்கும் கீழ பழைய நிறம் வட்டமா இருக்கு. காணாம போன கல்லு இருந்த இடத்துல மட்டும் வட்டம் இல்ல. அங்க இருக்கிற துண்டு முழுசும் வெளுக்காத கருநீலம். யாரோ அந்த இடத்துக்கு மட்டும் புதுத்துணி வெட்டி வச்சிருக்காங்க. திருட வந்தவன் கல்லைத் தூக்கிட்டு ஓடுவானா, உட்கார்ந்து துணி மாத்துவானா? அதோட உள்ள தீக்குச்சி உரசின வாசம் அடிக்குது." அத்தை குழாயை மூடினாள். "இன்னைக்கு உங்க வாய் உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட ஓடிப் போய் நான் கேட்டதா கேளுங்க. கல்லு புளிச்சா என்ன அர்த்தம்?"

கிளட்ச் ஓடினான். கேட்டான். பல் டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"எந்தக் கல்லு?" என்றார்.

"காலியா இருக்கிற இடத்துக்குப் பக்கத்துக் கல்லு."

டாக்டர் நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தங்க நிறம் தங்கம் இல்லீங்க. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரக் காத்து பட்டா கெட்டுப்போகும். முதல்ல வெள்ளையா பூக்கும், அப்புறம் ஆசிட் கசியும், அப்புறம் அப்படியே உதிர்ந்து பொடியாயிடும். கூட இருக்கிறதையும் கெடுக்கும். மீன் தொட்டி பக்கத்துல வைக்காதீங்க மாமான்னு கையைப் பிடிச்சுச் சொன்னேன். 'கோடி வருஷம் மண்ணுக்குள்ள இருந்ததுக்கு என் தொட்டி பக்கத்துல இருக்க முடியாதா? எனக்கே பாடம் எடுக்கிறியா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். 'அலமாரி பக்கம் வராதே'ன்னுட்டார். அதோட நான் போகறதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப அது போச்சா?" என்று கேட்டார். திருடன் என்று சொன்னபோது கலங்காத கண் அப்போது கலங்கியது.

கிளட்ச் திரும்பி வருவதற்குள் கேஸை முழுசாக முடித்துவிட்டிருந்தான். "கண்டுபிடிச்சுட்டேன் அத்தை. கல்லு உதிர்ந்திருக்கு. ஜட்ஜம்மா குப்பைன்னு பெருக்கித் தள்ளியிருக்காங்க. அப்புறம் பயத்துல துணியை மாத்தி வச்சுட்டாங்க. பாவம்."

"சாவி?"

"என்ன சாவி?"

"பெருக்கறவங்ககிட்ட ஏது சாவி?"

கிளட்ச் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். சாவி இரண்டு பேரிடம்தான். ஒருவர் அலமாரிப் பக்கமே வராதவர். மழை பிடித்ததிலிருந்து திரை போட்டு மூடி, யாரையும் கிட்டே விடாதவர் இன்னொருவர்.

"ஐயையோ," என்றான் மெதுவாக. "கேஸ் கொடுத்தவரேவா?"

"கேஸ் கொடுத்தது அவர் இல்ல, அவர் சம்சாரம். அதான் நமக்கு வேலை கிடைச்சிருக்கு." அத்தை புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "ஆனா அவரா ஒத்துக்க மாட்டார். முப்பது வருஷம் அடுத்தவங்க ஒத்துக்கறதைக் கேட்டு உட்கார்ந்திருந்த ஆளு. கல்லு இருக்கிற இடம் தெரியணும்."

"குப்பையில போட்டிருப்பார்."

"போட மாட்டார். இந்த வீட்டைப் பார்த்தீங்கள்ல? உடைஞ்ச துண்டைக்கூட டப்பாவுல போட்டு வச்சிருக்கார். பொடியா இருந்தாலும் கிட்டதான் வச்சிருப்பார். எங்கேன்னு அவர் காலே சொல்லும், வாங்க."

எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொன்னாள். ஜட்ஜம்மா வந்தாள். மகள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள், உட்காரமாட்டேன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு. பல் டாக்டர் கதவோரம் நின்றார்.

"கல் கிடைச்சிடும்," என்றாள் அத்தை நிதானமாக. "அவசரமில்ல. ஆனா ஒரே ஒரு கவலை. அது கெட்டுப்போக ஆரம்பிச்ச கல்லு. ஆசிட் கசிஞ்சுகிட்டே இருக்கும். எடுத்தவங்க எங்க ஒளிச்சு வச்சிருந்தாலும் கூட இருக்கிறதை அரிச்சுடும். அட்டைப் பெட்டியோ, காகிதமோ, துணியோ."

"துணியுமா?" என்றார் ஜட்ஜ்.

"துணிதான் முதல்ல சார்."

ஜட்ஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கால் மேல் கால் போட்டார். எடுத்தார். கூரையைப் பார்த்தார். "எனக்கு மாத்திரை போடற நேரம்," என்று எழுந்து, வயசுக்கு மீறிய வேகத்தில் படுக்கையறைக்குள் போனார்.

"மாத்திரைக்குத் தண்ணி வேணும்ல அத்தை," என்றான் கிளட்ச்.

"கொண்டு போய்க் கொடுங்க மாப்பிள்ளை."

துணி அலமாரி விரியத் திறந்திருந்தது. ஜட்ஜ் அதன் முன் மண்டியிட்டு, தான் கோர்ட்டில் போட்டுக்கொண்டிருந்த கறுப்புக் கோட்டை மடியில் வைத்திருந்தார். அதன் பைக்குள் விட்ட கை மறுபக்கம் வெளியே வந்திருந்தது. உள்துணி கந்தலாகிவிட்டது. கீழே பளபளவென்று பாலிஷ் போட்டு வைத்திருந்த ஷூக்களுக்குள் சாம்பல் நிறப் பொடியும் மஞ்சள் துணுக்குகளும் கொட்டிக் கிடந்தன.

"தண்ணி சார்," என்றான் கிளட்ச்.

ஜட்ஜ் திரும்பவில்லை. ஓட்டை வழியாகத் தெரிந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க அத்தைகிட்ட சொல்லித்தான் ஆகணுமா?" என்றார். ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்.

கிளட்சிடம் அதற்கு ஒன்பது நக்கலான பதில் தயாராக இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. அவர் மேல் கோபமாக இருந்தது, பரிதாபமாகவும் இருந்தது.

"கூடத்துல ரெண்டு பெட்டி இருக்கு சார்," என்றான். "எனக்குச் சொல்லணும்னு ஆசையில்ல. நீங்களே வந்து சொல்லுங்க."

ஷூக்களைக் கையில் தூக்கிக்கொண்டு ஜட்ஜ் கூடத்துக்கு வந்தார். பல் டாக்டர்தான் முதலில் நகர்ந்தார். ஷூவை வாங்கி, ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதில் மெதுவாகக் கொட்டினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டைப்பையில் இருந்த ஊசியால் பொடியை ஒதுக்க ஆரம்பித்தார்.

"மழை பிடிச்ச புதுசுல ஒருநாள் தூக்கினேன்," என்றார் ஜட்ஜ், யாரையும் பார்க்காமல். "கையிலயே உதிர்ந்துடுச்சு. துணி கருகியிருந்துது. மாத்திட்டுத் திரை போட்டேன். கல் சிநேகிதங்க அதைப் பார்க்க வர்றேன்னதும் வேற வழி தெரியல. திருடு போச்சுன்னு மட்டும்தான் சொல்ல நினைச்சேன். 'பூட்டு உடையலையே'ன்னு உங்கம்மா கேட்டா. வாயில வந்துடுச்சு."

"வாயில வந்துடுச்சா?" என்றாள் மகள். "யார் பேர் வேணா வந்திருக்கலாமேப்பா. ஏன் அவர் பேரு?"

ஜட்ஜ் மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தைதான் சொன்னாள், சலிப்போடு, நாலு கேஸ் பார்த்த பழக்கத்தில். "உங்க வீட்டுக்காரர் சொன்னது சரியாப் போச்சும்மா. வைக்காதீங்கன்னு அவர் சொன்ன இடத்துல வச்சுத்தான் கெட்டுப்போச்சு. மாப்பிள்ளை சொன்னது சரின்னு ஒத்துக்கறதைவிட மாப்பிள்ளை திருடன்னு சொல்றது சிலபேருக்குச் சுலபம்."

கிளட்ச் அத்தையைத் திரும்பிப் பார்த்தான். அத்தை அவன் பக்கமே திரும்பவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. கல் பைத்தியங்கள் வந்துவிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாக ஐந்தாறு தலைகள், கழுத்தில் பூதக்கண்ணாடிகள், ஒருவர் கையில் பரிசுப் பொட்டலம் கட்டிய ஒரு கல். ஜட்ஜம்மா கணவனைப் பார்த்தாள். இப்போதுகூட ஒரு பொய் சொல்லி அனுப்பிவிடலாம், கூடத்தில் இருந்த யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஜட்ஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க," என்றார். "தங்கச்சுருளைப் பார்க்க முடியாது. கெட்டுப்போச்சு. மீன் தொட்டி பக்கத்துல வைக்க வேண்டாம்னு என் மாப்பிள்ளை சொன்னார். நான் கேக்கல. அது தெரியக்கூடாதுன்னு அவரைத் திருடன்னு சொன்னேன். பொய் சொன்னேன்."

வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். அதில் வயசான ஒருவர், "எத்தனை நாளா ஈரத்துல இருந்துது?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் இடி வாங்கிக்கொண்டார்.

"நடுச்சுருள் தப்பிச்சிருக்கு," என்றார் தரையிலிருந்து பல் டாக்டர். ஊசி முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வளையம், இன்னும் மஞ்சளாக மின்னியது. "இப்பவே காய வச்சுப் பூச்சு கொடுத்தா நிக்கும். ஒரு மணி நேரம் ஆகும்."

"அப்புறம்?" என்றார் ஜட்ஜ். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர்கள் எப்படி நிற்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியே நின்றார்.

பல் டாக்டர் வளையத்தைத் துண்டில் வைத்துவிட்டு எழுந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கை பெட்டியின் பிடியில் இருந்தது.

"அப்புறம் கிளம்பறோம் மாமா."

ஜட்ஜம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோபத்துல சொல்லல," என்றார் டாக்டர். "தெருக் கோடியில ஒரு வீடு வாடகைக்குப் பேசிட்டேன். இந்த வீட்டுக்குள்ள வந்த நாள்லேருந்து என்னை யாரும் 'வாங்க'ன்னு கூப்பிட்டதில்ல. வீட்டோட இருக்கிறவனை யாரு கூப்பிடுவாங்க? ஞாயித்துக்கிழமை வர்றோம். அலமாரியில மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தணும். ஆனா நான் வர்றப்ப நீங்க வாசலுக்கு வந்து நின்னு, என்னைக் கூப்பிடணும்."

"நான் கூப்பிடறேன் தம்பி," என்றாள் ஜட்ஜம்மா.

"நீங்க இல்ல. அவர்."

கூடமே ஜட்ஜைப் பார்த்தது. வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். கிளட்ச் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான், ஏதோ தன் வழக்கே நடக்கிற மாதிரி. ஜட்ஜ் தொண்டையைச் செருமினார். கையைக் கட்டினார், அவிழ்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார்.

சாட்சியைக் கூண்டில் ஏறச் சொல்கிற குரல்தான் வந்தது. அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினாள்.

"இது ஆகாதுப்பா," என்றாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நல்லா பழகிக்கோங்க."